பக்கத்து இருக்கை காலியாக ஒரு சுற்று

அம்மா ஐந்து முறை ஃபெயில் ஆனாள். ஐந்து முறையும் ஒரே வளைவில், ஒரே காரணத்துக்காக. ஆறாவது முறைக்குத் தேதி வாங்கி வைத்திருந்தாள். அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஓடிவந்தபோது அவள் கையில் இரண்டு கிளிப்புகள் இருந்தன. வயது அறுபது.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அம்மா கார் ரேஸில் அடிபட்டுப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள். மீதிப் பேர், அந்த வயதில் ரேஸ் எதற்கு என்று கேட்க வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ரேஸ் இல்லை. ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை வேகமாக, ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். மாதம் இரண்டு நாள். வண்டி உங்களுடையது, ஹெல்மெட் உங்களுடையது, பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் உட்காருவார். ஒரு நாளில் இருபது நிமிடம் வீதம் மூன்று ஓட்டம். மூன்றாவது ஓட்டத்தில் அவருக்குத் திருப்தி என்றால் முன்கண்ணாடியில் இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்துவிட்டுப் பச்சை ஒட்டுவார். பச்சை இருந்தால் தனியாகப் போகலாம். அவ்வளவுதான்.

அந்தப் பச்சை ஸ்டிக்கர் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அவள் முப்பத்தொரு வருடம் லைசென்ஸ் ஆபீசில் தேர்வாளராக இருந்தாள். ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அல்ல. ஓட்டத் தெரிகிறதா என்று பார்ப்பவள். ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேர். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை, மடியில் அட்டை, அதில் செருகிய படிவம், கையில் பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டாள். வண்டி குலுங்கினால் கோடு இழுத்துவிடும், தப்பாக இழுத்த கோடு ஒருத்தன் தலையில் விழக்கூடாது என்பாள். அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. மொத்த சர்வீசில் அதை நாற்பத்து மூன்று தடவைதான் மிதித்ததாகச் சொல்வாள்.

இரக்கப்பட்டு அவள் யாருக்கும் பாஸ் போட்டதில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் வேறு தேர்வாளரிடம் அனுப்புவது அங்கே வழக்கம். அவள் தம்பி, என் மாமா, அக்காவிடமே போனால் காரியம் சுலபம் என்று கணக்குப் போட்டு வரிசை மாறி வந்து நின்றார். ஃபெயில். அடுத்த மாதமும் வந்தார். மூன்றாவது முறை, பிரேக் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஃபெயில். நான்காவது முறை வேறு ஊருக்குப் போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.

"உங்கம்மாகிட்ட பாஸ் வாங்கறதுக்குள்ள எமன்கிட்ட லீவு வாங்கிடலாம் பாப்பா" என்பார். அப்போது சிரிப்போம்.

என்னை முறைப்படி வேறு ஒருவரிடம் அனுப்பினாள். அவர் பாஸ் போட்டார். அன்று சாயங்காலம் தெருவைச் சுற்றி ஓட்டச் சொன்னாள். இறங்கியதும், "அவர் பாஸ் போட்டாரு, நான் போடல" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்துத்தான் கொடுத்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அன்றைக்கு ஃபெயில் ஆனவர்கள் சொன்ன சாக்குகளை ஒப்பிப்பாள். செருப்பு புதுசு மேடம். வெயில் கண்ணுல அடிச்சுது மேடம். நீங்க இருமினீங்க, அதுல கை நடுங்கிடுச்சு மேடம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, தினம் ஒருத்தராவது சொல்லும் ராஜ சாக்கு ஒன்று இருந்தது: நான் ஒண்ணும் பண்ணல மேடம், வண்டி தானா அப்படிப் பண்ணிச்சு.

"வண்டி தானா ஒண்ணும் பண்ணாதுடீ" என்பாள் தட்டைப் பார்த்துக்கொண்டே. "வண்டிக்கு மூளை கிடையாது."

நான் இன்ஜினியர். தராசு, அழுத்தமானி, வெப்பமானி இவற்றின் அளவு சரியா என்று பார்க்கும் ஆய்வகத்தில் வேலை. அம்மா மனிதர்களைச் சோதித்தாள், நான் கருவிகளைச் சோதிக்கிறேன். சந்தேகப்படத்தான் இருவருக்கும் சம்பளம். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். இரண்டே இருக்கை, பன்னிரண்டு வருடப் பழசு, வெயிலில் வெளுத்த நீலம். உள்ளே உட்கார்ந்தால் தெருநாய் நம் கண் மட்டத்தில் போகும்.

மாமா அதை இரண்டு முறை சுற்றி வந்தார். "ஏன்க்கா, இதுல மார்க்கெட் போனா முட்டைக்கோஸ மடியில வச்சுக்கணுமே?"

"உன்ன ஏத்த மாட்டேன். அந்த இடத்துல வச்சுக்கறேன்."

"எதுக்குக்கா இந்த வயசுல?"

"முப்பத்தொரு வருஷம் வண்டி சரியா நிக்குதான்னு பாத்தாச்சு. எவ்வளவு ஓடும்னு பாக்க வேணாமா?"

என்னிடம் வேறு மாதிரிச் சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "பக்கத்து சீட்டு காலியா ஒரு ரவுண்டு. ஒண்ணே ஒண்ணு போதும்."

"தினமும் தனியாதானே ஓட்டற?"

"ரோட்டுல நான் எங்க ஓட்டறேன்? ரூல்ஸ் ஓட்டுது." வெங்காயத்தைத் திருப்பினாள். "அந்த சீட்லயே உக்காந்து உக்காந்து, நான் ஓட்டும்போதுகூட அங்க ஒருத்தி உக்காந்து மார்க் போடறா. அவ இல்லாம ஒரு தடவ."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டிராக் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். முதல் நாள் நானும் போனேன், என் காரில், பின்னால். பதினோரு வளைவுகள். அவளுக்குக் கிடைத்த பயிற்சியாளர் முப்பத்தைந்து வயது இருப்பார். ஒல்லி, வெயிலில் கறுத்த கழுத்து, சத்தத்திலேயே வாழ்ந்து காது கொஞ்சம் மந்தம். ஹெல்மெட்டுக்குள் இருந்த மைக்கில் அவர்கள் பேசியது வண்டிகள் வந்து நிற்கும் பிட் லேனில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியில் எல்லோருக்கும் கேட்டது.

"மேடம், இங்க இண்டிகேட்டர் போட வேணாம்."

"பின்னாடி வர்றவனுக்கு நான் திரும்பறது எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அங்கதான் மேடம் திரும்புவாங்க. வேற ரோடு கிடையாது."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"பின்னாடி யாருமே இல்ல மேடம்!"

"யாரும் இல்லன்னு நீங்க கண்ணாடியில பாத்தீங்களா? பாக்கல. நான் பாத்துட்டேதான் இருக்கேன். நீங்க உங்க பக்கத்துக் கண்ணாடிய ஒரு தடவகூடப் பாக்கல."

வேலி ஓரம் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் அவளுக்கு ஆபீசரம்மா என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சாயங்காலம் மூன்றாவது ஓட்டம் முடிந்து இறங்கியபோது முகம் சரியில்லை.

ஏழாவது வளைவுக்கு அங்கே நீள வளைவு என்று பெயர். வலது பக்கமாகத் திரும்பத் தொடங்கினால் ஏழெட்டு நொடி திரும்பிக்கொண்டே இருக்கும். அங்கே விதி ஒன்றே ஒன்று: உள்ளே நுழைந்த பிறகு ஆக்ஸிலரேட்டரை விட்டுக் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்சக்கரம் பிடி விடும், வண்டி பம்பரம் ஆகிவிடும். பயிற்சியாளர் தன் தாளில் எழுதினார்: வளைவின் நடுவில் காலை எடுக்கிறார். மஞ்சள் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"கால எடுக்கறீங்க ஆபீசரம்மா. பயப்படாம வச்சிருங்க."

"எடுக்கலயே தம்பி."

"எஞ்சின் சத்தம் குறையுதே, கேக்கலயா? உங்களுக்கே தெரியாம எடுக்கறீங்க. எல்லாருக்கும் வர்றதுதான்."

அவருடைய தாளை மட்டும் வைத்து நான் நம்பியிருக்க மாட்டேன். நான் ஒரு பதிவுப் பெட்டி வாங்கியிருந்தேன். சிகரெட் பாக்கெட் அளவு. கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிட்டால் வண்டி எங்கே இருக்கிறது, என்ன வேகம், பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கிறது என்று நொடிக்குப் பத்து முறை குறித்துக்கொள்ளும். அன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நீள வளைவின் நடுவில் வேகக்கோடு ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. அரை நொடிகூட இல்லை.

"பார். இங்க கால எடுத்திருக்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"அந்த இடத்துல வண்டி ஒரு நிமிஷம் மூச்சு விடுதுடீ. நான் ஒண்ணும் பண்ணல. வண்டிதான்…"

நான் சிரித்தேன். "அம்மா! முப்பத்தொரு வருஷம் உங்கிட்ட ஃபெயில் ஆனவன் எல்லாம் இதையேதானே சொன்னான்?"

அவளும் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "ஆமா, இல்ல?" என்றாள். அதற்குப் பிறகு, ஒன்றரை வருடத்தில், ஒருமுறைகூட வண்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என் காலுதான், என் காலுதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறைக்கு முன் நான் ஒரு யோசனை சொன்னேன். போனில் அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது. "டாங்க் ஃபுல்லா போடாத. அரை டாங்க் போதும். இருபத்தஞ்சு லிட்டர் சும்மா தூக்கிட்டுப் போற. எடை குறைஞ்சா வண்டி நல்லாத் திரும்பும்." அதற்கு அவள் அனுப்பியது கட்டைவிரல் படம். முதல் முறையும் தற்செயலாக அரை டாங்க்தான் இருந்தது. இரண்டாம் முறையிலிருந்து அது விதி ஆயிற்று. விதி என்று வந்துவிட்டால் அவள் மில்லிமீட்டர் பிசக மாட்டாள். டிராக்குக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் பங்கில், முள் பாதிக்கு வந்ததும் நிறுத்தச் சொல்வாளாம். பங்க் ஆள் இன்னும் ஒரு லிட்டர் சேர்த்துப் போட்டால் சண்டைக்குப் போவாள்.

இரண்டாம் முறையும் ஃபெயில்.

அதற்கு அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் சமையலறைத் தராசு இருந்தது. வட்ட முகமும் முள்ளும் உள்ள பழைய ஸ்பிரிங் தராசு. சரிவான பலகையில் கட்டிவைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் அதை மிதித்துக்கொண்டே செய்தித்தாள் படித்தாள்.

"என்னம்மா இது?"

"கால் பயிற்சி. ரெண்டு கிலோவுல முள்ள நிறுத்தணும். அசையக் கூடாது. பத்து நிமிஷம்."

"சாய்ச்சு வச்சா ஜீரோ நகரும்."

"சரி பண்ணிக் குடு. உன் வேலைதானே?"

திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். என்னிடம் இருந்த எடைக்கற்களால் சரிபார்த்தேன். பிழை இருபது கிராமுக்குள். பிறகு குனிந்து முள்ளைப் பார்த்தேன். அம்மா செய்தித்தாளின் ஒரு பக்கத்தைத் திருப்பினாள், தண்ணீர் குடித்தாள், தெருவில் ஹாரன் அடித்தவனைத் திட்டினாள். முள் இரண்டில் நின்றது. ஒட்டவைத்தது போல நின்றது.

நான் அளவுக் கருவி இன்ஜினியர். ஒரு காலின் நடுக்கத்தை, பிழை தெரிந்த ஒரு கருவியில், கண்ணால் பார்த்தேன். நடுக்கமே இல்லை. பார்த்துவிட்டு, "வீட்ல வரும்மா, டிராக்ல பயம் வந்துடுது" என்றேன்.

மூன்றாம் முறை. நான்காம் முறை. காலையில் முதல் ஓட்டம் அருமையாக இருக்கும். பயிற்சியாளரே, "இன்னிக்கு பச்சைதான்" என்பார். மூன்றாவது ஓட்டத்தில் பள்ளம் வந்துவிடும். சாயங்காலம் ஆனால் களைத்துவிடுகிறாள், வயது, என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். இடையில் ஒருநாள் அவரே அவள் காரை ஓட்டிக் காட்டினார், காலை முதல் ஓட்டத்தில். நீள வளைவில் வண்டி வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போயிற்று. "பாத்தீங்களா, கால வச்சே இருந்தேன்" என்றார். அம்மா, "பாத்தேன் தம்பி" என்றாள்.

அவளோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் பச்சை வாங்கிப் போய்விட்டார்கள். அவளுக்குப் பின்னால் வந்த பல் டாக்டர் இரண்டாம் முறையே வாங்கினார். அவர் வளைவுக்கு வளைவு கண்ணை மூடுவார் என்று அம்மா சத்தியம் செய்தாள்.

ஐந்தாம் முறைக்குப் பிறகு என்னோடு சண்டை. நான் ஐந்து நாள் கோடுகளையும் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு நாளின் மூன்றாவது ஓட்டம் மட்டும். ஐந்து பள்ளங்களும் ஒரே இடத்தில். சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன்.

"எத்தன தடவம்மா சொல்றது? அஞ்சு தடவையும் இதே இடம். நீ மனசு வச்சா நிறுத்தலாம்."

"வைக்கலன்னு நினைக்கிறியா?"

"அப்புறம் ஏன் எடுக்கற?"

"தெரியல." தாள்களை அடுக்கி என்னிடமே திருப்பித் தந்தாள். "தெரியலடீ. என் கால் எனக்கு அடங்கல. நான் என்ன பண்ணட்டும்? வெட்டிப் போட்டுடவா?"

பிறகு கொஞ்சம் தணிந்து, "அந்தக் காலத்துல ஃபெயில் ஆனதுக்கெல்லாம் அழுவாங்க. கட்டின புருஷன் போன மாதிரி அழுவாங்க. இதுக்குப் போயான்னு நினைப்பேன்" என்றாள்.

நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அதுதான் நாங்கள் கடைசியாக அந்தக் காரைப் பற்றிப் பேசியது.

அவள் போய் மூன்றாம் வாரம் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே பச்சை ஸ்டிக்கர்.

"ஆபீசரம்மாவுக்கு. வண்டியில ஒட்டிடுங்க. அவங்க ஆத்மா…"

"பாஸ் ஆனாங்களா?"

"அது இல்லீங்க… ஒரு மரியாதைக்கு."

கவரைத் தள்ளிவிட்டேன். "மரியாதைக்கு அவங்க யாருக்கும் பாஸ் போட்டதில்ல. கூடப் பொறந்த தம்பிக்கே போடல. எடுத்துட்டுப் போங்க."

மாமா என் தோளைத் தொட்டார். "பாப்பா, வந்தவர்கிட்ட இப்படியா பேசுவ?"

பயிற்சியாளர் கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அவங்க பேர்ல இன்னும் ஒரு நாள் இருக்கு. அத வீணாக்க வேணாம். நீங்க வாங்க. வண்டிய விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ."

போக விருப்பமில்லை. போனேன். என்ன வளைவு அது, ஐந்து முறை ஒரு மனுஷியை இப்படி அலைக்கழித்த இடம் எது என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. மாமா தன் காரில் பின்னால் வந்தார். அவர்தான் வண்டிக்கு ஆள் பார்த்து வைத்திருந்தார்.

பங்கில் அரை டாங்க் போட்டேன். என் விதிதானே.

முதல் ஓட்டம் முழுக்க எரிச்சல். இருக்கை அவள் உயரத்துக்கு இருந்தது, நகர்த்த மனம் வரவில்லை, முழங்கால் இடித்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் தலை எண்ணெய் வாசனை. பத்து வளைவுகளில் தடுமாறினேன். நீள வளைவில் மட்டும் தடுமாற ஒன்றுமில்லை. மூன்றாம் கியர், ஒரே வேகம், காலை அசைக்காமல் வைத்திருந்தால் போதும். இதைச் செய்யவா அவளால் முடியவில்லை என்று அவள் மேலேயே கோபம் வந்தது. இரண்டாவது ஓட்டத்தில் இன்னும் வேகம் கூடியது.

மூன்றாவது ஓட்டம். ஐந்தாவது சுற்று. நீள வளைவில் நுழைந்து பாதி வந்திருப்பேன். எஞ்சின் ஒரு கணம் தளர்ந்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து உடனே விட்ட மாதிரி. வண்டியின் பின்பக்கம் லேசாக நழுவிச் சரியானது.

"கால எடுக்காதீங்க!" என்று காதில் கத்தினார் பயிற்சியாளர்.

"எடுக்கல."

"எடுத்தீங்க. அம்மா மாதிரியே…"

"நான் எடுக்கல!"

குனிந்து பார்க்க முடியாது. ஆனால் கால் கட்டைவிரல் வலித்தது. அவ்வளவு அழுத்தி வைத்திருந்தேன். அடுத்த சுற்றில், "என் கால மட்டும் பாருங்க, ரோட்டப் பாக்காதீங்க" என்றேன். அவர் குனிந்தார். வளைவு வந்தது. எஞ்சின் தளர்ந்தது. இழுத்தது, விட்டது.

அவர் நிமிரவில்லை.

"உள்ள போங்க" என்றார்.

பிட் லேனில் நிறுத்தினேன். பெட்ரோல் முள் கால்வாசிக்குக் கொஞ்சம் கீழே. அவர் முள்ளைப் பார்த்தார், நான் முள்ளைப் பார்த்தேன். சொல்லத் தேவை இருக்கவில்லை. டாங்கில் கால்வாசிதான் இருக்கிறது. வலது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் முழுக்க இடது சுவரில் ஏறி ஒதுங்கும். அடியில் இருக்கும் உறிஞ்சு குழாய் ஒரு கணம் காற்றை உறிஞ்சும். எஞ்சின் மூச்சு விடும். அம்மா அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். காலையில் அரை டாங்கோடு ஓடும்போது வராது. இரண்டு ஓட்டம் எரித்த பிறகு, சாயங்காலம், தேர்வு நேரத்துக்குச் சரியாக வரும்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். அது என் தொழில். கேனிலிருந்து இருபது லிட்டர் ஊற்றினார். மறுபடி ஓடினோம். நான்கு சுற்று. பள்ளம் இல்லை.

வேலிக்கருகே சிமெண்ட் பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தேன். பதினைந்து ஓட்டங்களும் அதில் இருந்தன. ஒன்றரை வருடமாக இருந்தன. காலை ஓட்டங்களைத் திறந்தேன், முதல்முறையாக. ஐந்திலும் நீள வளைவில் கோடு ஒரு முடி அசையவில்லை. தோற்ற ஓட்டத்தை மட்டுமே எடுத்து வைத்துக்கொண்டு தோற்றதற்குக் காரணம் தேடியிருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு வேகம் தெரியும், இடம் தெரியும். கால் எங்கே இருந்தது என்று அதற்குத் தெரியாது. அதற்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் ஒரு ஒயர்கூடக் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரம் நான் சொல்லும் பாடம் இது: கருவி எதை அளக்கிறதோ அதை மட்டும் எழுது.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னிக்கு எனக்கும் பிரேக் நிஜமாவே சரியில்ல பாப்பா" என்றார். "யாரு நம்பினா?"

சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை.

பயிற்சியாளர் அலுவலக அறையிலிருந்து ஐந்து தாள்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் இருபது வரி, வரிக்குப் பத்து மதிப்பெண். கண்ணாடி பார்த்தல் என்ற இடத்தில் ஐந்திலும் பத்துக்குப் பத்து. கடைசி வரி மட்டும் அவர் கையெழுத்தில்: வளைவின் நடுவில் காலை எடுக்கிறார். பேனாவால் எழுதியிருந்தார். முதல் தாளில் தொடங்கி ஐந்திலும் அந்த வரியை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கூட்டிப் பார்த்தார்.

"முதல் தடவ கொஞ்சம் குறையுது. பிரேக் சீக்கிரமாப் போட்டிருக்காங்க. ரெண்டாவது தடவ…" கழுத்தைத் தடவிக்கொண்டார். "ரெண்டாவது தடவையே பாஸ்ங்க. இது மரியாதைக்கு இல்ல. தாள்ல இருக்கு."

"தெரியும்."

"நான் காதால கேட்டத எழுதிட்டேன். கண்ணால பாக்கல."

"நீங்க அடிச்சிட்டீங்க" என்றேன். என் சிவப்பு வட்டங்களையும் அந்த மெசேஜையும் யார் அடிப்பது?

அவர் பச்சை ஸ்டிக்கரை எடுத்தார். அதே கவர், அதே மடிப்பு. இந்த முறை வாங்கிக்கொண்டேன். மஞ்சளை நகத்தால் சுரண்டி எடுக்க நேரம் பிடித்தது. ஒன்றரை வருட வெயிலில் இறுகியிருந்தது. பச்சையை ஒட்டினேன்.

"இன்னும் பத்து நிமிஷம் டிராக் இருக்கு" என்றார். "வேணும்னா நீங்க தனியா ஒரு ரவுண்டு போங்க. நான் ஒண்ணும் சொல்லல."

டிராக் காலியாக இருந்தது. பக்கத்து இருக்கைக் கதவு திறந்து கிடந்தது, அவர் இறங்கியபடியே.

"அது அவங்க ஸ்டிக்கர். நான் இன்னும் பாஸ் ஆகல" என்றேன்.

கதவைச் சாத்தினேன். அவருடைய ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன். டாங்கை நிரப்பிக்கொண்டு, வழி முழுக்க ரூல்ஸ்படி வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இண்டிகேட்டர் எல்லா இடத்திலும் போட்டேன். வண்டிக்குப் பார்த்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடும்படி மாமாவுக்குச் சொன்னேன்.

மேஜைக்கு அடியில் தராசு அப்படியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை வைத்தேன். இரண்டு கிலோவில் நிறுத்தப் பார்த்தேன். முள் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தேன், இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஆடத் தொடங்கியது.